கறுப்பாக இருந்தால் வளமான மண்ணா? வெப்பமண்டல நிலத்தில் நிறத்தை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது

கேள்வி இதுதான்: வெப்பமண்டலத்தில் ஒரு விவசாய நிலத்தை வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ போகிறவர், மண்ணின் நிறத்தைப் பார்த்தே அது வளமானதா இல்லையா என்று சொல்லிவிட முடியுமா? கறுப்பு என்றால் நல்லது, சிவப்பு என்றால் சுமார், வெளிறிப்போயிருந்தால் வேண்டவே வேண்டாம் என்று சொல்கிறார்களே, அதில் எவ்வளவு உண்மை?

முதலில் நேரடியான பதில். நிறத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்த மண்ணில் தழைச்சத்து (நைட்ரஜன்) எவ்வளவு, மணிச்சத்து (பாஸ்பரஸ்) எவ்வளவு என்று சொல்ல முடியாது. இரண்டு வேறு ஊர் மண்ணைப் பக்கத்தில் வைத்து, கறுப்பாக இருப்பதுதான் உசத்தி என்று தீர்ப்புச் சொல்வதும் தவறு. ஆனால் நிறம் பயனற்றது என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அந்த நிலத்தில் தண்ணீர் வடிகிறதா, எந்த ஆழம் வரை காற்று போகிறது, மேல்மண் மிச்சம் இருக்கிறதா, உப்போ அமிலமோ ஒளிந்திருக்கிறதா என்பதையெல்லாம் நிறம் மிக நன்றாகக் காட்டிக்கொடுக்கும். என்னைக் கேட்டால், சத்தின் அளவை ஆய்வுக்கூடத்திடம் விட்டுவிட்டு, இந்த விஷயங்களுக்கு நிறத்தை நம்பலாம்.

கறுப்பு என்றால் வளம் என்ற எண்ணத்துக்கு ஒரு பின்னணி உண்டு. உக்ரைன், தெற்கு ரஷ்யா, கனடாவின் புல்வெளிகள் போன்ற குளிர்ப் பிரதேசங்களில் அது பெரும்பாலும் உண்மை. அங்கே நீண்ட குளிர்காலம் நுண்ணுயிர்களைக் கட்டிப்போடுகிறது. புல்லின் வேர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மண்ணுக்குள்ளேயே மட்கிச் சேர்ந்து, மேல்மண்ணை அரை மீட்டருக்கும் கீழே வரை கருமையாக்கியிருக்கின்றன. அந்தக் கருமை மட்கிலிருந்து வருவது. மட்கில் தழைச்சத்து இருக்கிறது. அதனால் கறுப்பைப் பார்த்து வளத்தைச் சொல்வது அங்கே ஓரளவு எடுபடும்.

வெப்பமண்டலத்தில் கணக்கே வேறு. ஜென்கின்சன், அயனாபா என்ற இரு ஆய்வாளர்கள் 1977-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டுகிறது. சிதைவதைப் பின்தொடர முடியும்படி அடையாளமிட்ட புல்லை நைஜீரியாவின் இபாதானில் மண்ணில் கலந்து, அது சிதையும் வேகத்தை இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெடில் கிடைத்த அளவோடு ஒப்பிட்டார்கள். நைஜீரியாவில் சிதைவு சுமார் நான்கு மடங்கு வேகமாக நடந்தது. ஆண்டு முழுக்க வெப்பம், மழைக்காலத்தில் ஈரம் என்று இருந்தால் நுண்ணுயிர்களுக்கு ஓய்வே கிடையாது. எனவே வெப்பமண்டல நிலத்தில் மட்கு ஒரு சேமிப்பாகக் குவிந்து கிடப்பதைவிட, வந்து வந்து போய்க்கொண்டே இருக்கிறது. பயிர்க்கழிவும் தொழுவுரமும் தொடர்ந்து போகும் நிலம் நல்ல மகசூல் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே பார்வைக்குச் சாதாரணப் பழுப்பு நிறமாக இருக்கலாம்.

அப்படியானால் இங்கே மண்ணுக்கு நிறம் கொடுப்பது எது? பெரும்பாலும் இரும்பு. நல்ல காற்றோட்டமும் வெப்பமும், இடையிடையே காய்ந்துபோவதும் உள்ள மண்ணில் இரும்பு ஹெமடைட் என்ற கனிமமாக மாறும். அதன் நிறம் ரத்தச் சிவப்பு. கொஞ்சம் குளிர்ச்சியும் நீடித்த ஈரமும் இருந்தால் கோதைட் என்ற கனிமம் உருவாகும். அது மஞ்சள் கலந்த பழுப்பு. ஹெமடைட்டின் நிறமேற்றும் சக்தி மிகப் பெரியது. மண்ணில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு இருந்தாலே போதும், மற்ற எல்லா நிறத்தையும் மறைத்துச் சிவப்பாக்கிவிடும். இதனால் ஒரு விஷயத்தை நினைவில் வைக்க வேண்டும்: செம்மண்ணில் மட்கு இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். வெப்பமண்டலத்தின் மழை மிகுந்த பகுதிகளில் நன்றாகச் சிவந்த மண்ணில் 2 சதவீதத்துக்கு மேல் கரிமம் (மட்கின் அளவைக் காட்டுவது இதுதான்) இருப்பது அபூர்வமில்லை. அதே நேரம், கறுப்பாகத் தெரியும் ஒரு கரிசல் மண்ணில் 1 சதவீதத்துக்கும் குறைவாக இருக்கும். கண்ணால் மட்டும் தீர்மானித்தால் இந்த இரண்டையும் தலைகீழாகத்தான் மதிப்பிடுவோம்.

சிவப்பையே கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். மக்கள் அதிகமாக ஏமாறுவது இதில்தான் என்பது என் கருத்து. சிவப்பு என்பது ஒரே மண் அல்ல. அமேசான், காங்கோ படுகைகளின் பழமையான மேட்டுநிலங்களில் லட்சக்கணக்கான ஆண்டுகள் மழையில் அலசப்பட்டுப்போன சிவப்பு, மஞ்சள் மண் இருக்கிறது. சுண்ணாம்பு, மக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் கரைந்து போய், இரும்பும் அலுமினியமும் கயோலினைட் என்ற களிக்கனிமமும்தான் மிச்சம். அமிலத்தன்மை அதிகம். கரைந்த அலுமினியம் வேர்நுனியைக் கருக்கிவிடும். மணிச்சத்து போட்டால் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் அதை இறுகப் பிடித்துக்கொண்டு பயிருக்கு விடாது. சிவப்பு மண் மோசம் என்ற பேச்சுக்கு ஆதாரம் இந்த வகைதான்.

இதே நிறத்தில், இதே மாதிரி ஆழத்தில் இன்னொரு மண் உண்டு. எத்தியோப்பியா, கென்யாவின் மேட்டுநிலங்களில் எரிமலைப் பாறைகளின்மேல் உருவான ஆழமான செம்மண் அது. கையில் எடுத்து உடைத்தால் கொட்டை கொட்டையாக உதிரும். உடைந்த பக்கங்கள் மெழுகு பூசியதுபோல் பளபளக்கும். ஈரத்தைப் பிடித்துவைக்கும், வேரை ஆழமாக இறங்கவும் விடும். ஈர வெப்பமண்டலத்தின் மிகச் சிறந்த விவசாய மண்களில் ஒன்றாக இதை மண்ணியலாளர்கள் கருதுகிறார்கள். பிரேசிலில் பரானா, சாவ் பாவுலோ பகுதிகளில் காப்பித் தோட்டங்கள் பெருகக் காரணமாக இருந்த கருஞ்சிவப்பு மண்ணும் பசால்ட் என்ற எரிமலைப் பாறையிலிருந்து வந்ததுதான். ஆக, சிவப்பைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி இந்த மண் எந்தப் பாறையிலிருந்து வந்தது என்பதே. இரும்பும் சுண்ணாம்பும் மக்னீசியமும் நிறைந்த கரும்பாறை என்றால் நம்பிக்கை வைக்கலாம். சிலிக்கா மிகுந்த வெளிர் பாறையோ மணற்பாறையோ என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக ஒரு சிவப்பும் உண்டு. தென்னிந்தியாவின் மழை குறைந்த பகுதிகளில் பரவலாக இருக்கும் செம்மண் அது. மழை குறைவு என்பதால் சுண்ணாம்பும் மக்னீசியமும் அவ்வளவாகக் கரைந்து போகவில்லை. அமிலத் தொல்லை பெரும்பாலும் கிடையாது. அங்கே குறை வேறு: மண் ஆழம் குறைவு, மட்கு குறைவு, தண்ணீரைப் பிடித்துவைக்கும் திறன் குறைவு, மழைக்குப் பின் மேலே ஏடு கட்டிக் கெட்டியாகிவிடும். நிறம் மூன்றிலும் சிவப்பு. முதலாவதற்குத் தேவை சுண்ணாம்பும் மணிச்சத்தும், இரண்டாவதற்குத் தேவை மண் அரிக்காமல் பார்த்துக்கொள்வது, மூன்றாவதற்குத் தேவை தழைக்கழிவும் நீர்ச் சேமிப்பும்.

முதல் வகையைக்கூட ஆகாதது என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. பிரேசிலின் செராடோ புல்வெளியைப் பாருங்கள். சிவப்பும் மஞ்சளுமான அந்தப் பரந்த நிலத்தைப் பயிருக்கு ஆகாதது என்றுதான் நீண்ட காலம் வைத்திருந்தார்கள். 1973-இல் தொடங்கப்பட்ட எம்ப்ராப்பா என்ற அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனமும் மற்ற ஆய்வாளர்களும் அமிலத்தைச் சுண்ணாம்பால் குறைத்து, மணிச்சத்தைத் தாராளமாகக் கொடுத்து, அந்த மண்ணுக்கேற்ற ரகங்களை உருவாக்கி அதைச் சோயா விளையும் பெரும் நிலப்பரப்பாக மாற்றினார்கள். அந்தப் பணிக்காக எட்சன் லொபாட்டோ, அலிசன் பாவோலினெல்லி, காலின் மெக்ளங் ஆகிய மூவருக்கும் 2006-இல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். இத்தனைக்குப் பிறகும் மண்ணின் நிறம் ஏறத்தாழ அப்படியேதான் இருக்கிறது. (அந்த மாற்றத்தில் இயற்கைப் புல்வெளியின் பெரும்பகுதி அழிந்துபோனதையும் சொல்லாமல் விட முடியாது. சுண்ணாம்பு போட்டால் விளையும் என்பதாலேயே எல்லா நிலத்தையும் உழுதுவிட வேண்டும் என்று ஆகிவிடாது.)

சரி, கறுப்புக்கு வருவோம். வெப்பமண்டலத்தில் கறுப்பு மண் என்றதும் நினைவுக்கு வருவது தக்காணத்திலும் சூடானின் கெசிராவிலும் எத்தியோப்பியாவிலும் ஆஸ்திரேலியாவின் வடகிழக்கிலும் பரந்து கிடக்கும் வெடிப்பு விடும் கரிசல். அதன் கருமைக்குக் காரணம் மட்கின் அளவு அல்ல. ஸ்மெக்டைட் என்ற உப்பிச் சுருங்கும் களிக்கனிமத்தோடு கொஞ்சம் மட்கு இறுகப் பிணைந்து கருநிறத்தைக் கொடுக்கிறது. கொஞ்சமே போதும் என்பதுதான் விஷயம். அதனால் அடர் கறுப்பாக இருக்கும் கரிசலிலும் தழைச்சத்து பற்றாக்குறை சாதாரணம். மணிச்சத்தும் துத்தநாகமும் பல இடங்களில் குறைவு.

ஆனாலும் கரிசல் நல்ல மண் என்ற பெயர் சும்மா வரவில்லை. அதன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. சத்துகளைப் பிடித்துவைக்கும் திறனை அளக்க ஓர் அலகு உண்டு. அந்த அலகில் கயோலினைட் 3 முதல் 15 வரை என்றால், ஸ்மெக்டைட் 80 முதல் 120 வரை. சுண்ணாம்பும் மக்னீசியமும் நிறைய இருக்கும், பொட்டாசியமும் பெரும்பாலும் பரவாயில்லை, நீர்ப்பிடிப்பு பிரமாதம். மழை நின்ற பிறகும் உள்ளே இருக்கும் ஈரத்திலேயே ஒரு பயிர் எடுத்துவிடலாம். இதன் மறுபக்கம், ஈரமாக இருந்தால் சேறாக ஒட்டும், காய்ந்தால் பாறையாக இறுகும். உழுவதற்கான நாட்கள் மிகக் குறைவு. கறுப்பு என்பதற்காக உரம் வேண்டாம் என்று இருந்தவர்கள் மகசூலில் அதற்கான விலையைக் கொடுக்கிறார்கள்.

கறுப்பாக இருந்தும் பயிருக்கு எமனாக இருக்கும் மண்ணும் உண்டு. தென்கிழக்கு ஆசியாவின் கரிச்சேற்று நிலங்கள் அப்படிப்பட்டவை. மட்காத மரக்கழிவு பல மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீரில் ஊறிக் கிடக்கும். பார்வைக்கு உரக்குழியின் மட்கு மாதிரியே இருக்கும். ஆனால் கார அமில நிலை (pH; 7-க்குக் கீழே இறங்க இறங்க அமிலம் கூடும்) 3 முதல் 4 வரை, கனிமச் சத்துகள் மிகக் குறைவு, தாமிரம் போன்ற நுண்ணூட்டங்கள் பயிருக்குக் கிடைப்பதே இல்லை. வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தால் நிலம் அமுங்கிக்கொண்டே போகும், வெயில் காலத்தில் தீப்பிடிக்கும். இந்தோனேசியாவின் மத்திய களிமந்தானில் 1990-களின் நடுவில் சுமார் 10 லட்சம் ஹெக்டேர் கரிச்சேற்று நிலத்தை நெல்வயலாக்க ஒரு மாபெரும் திட்டம் தொடங்கினார்கள். சில ஆண்டுகளிலேயே அதைக் கைவிட வேண்டியதாயிற்று. எஞ்சியவை வெட்டிப்போட்ட வாய்க்கால்களும் தீயும் புகையும். ஒரு மண்ணில் கருமை உச்சத்தில் இருப்பது வளத்தின் உச்சம் ஆகாது என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது.

களர் நிலத்திலும் ஒரு கருமை உண்டு. சோடியம் அதிகமாகிக் காரத்தன்மை ஏறும்போது மண்ணில் இருக்கும் மட்கு கரைந்து, நீரோடு மேலேறி, காய்ந்ததும் கரும்படலமாகப் படியும். தெரியாதவர் அதைப் பார்த்து நல்ல சத்துள்ள இடம் என்று நினைத்துவிடுவார். பக்கத்தில் பயிர் எப்படி நிற்கிறது என்று பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும். தண்ணீர் ஊற்றினால் உள்ளே இறங்காமல் கலங்கலாக அப்படியே நிற்கும்.

இதற்கெல்லாம் நேர்மாறாக, கறுப்பு உண்மையிலேயே வளத்தைக் குறிக்கும் இடமும் வெப்பமண்டலத்தில் இருக்கிறது. அமேசான் காட்டில் வெளிறிய மஞ்சள் மண்ணுக்கு நடுவே திட்டுத் திட்டாகக் கறுப்பு மண் கிடைக்கிறது. ஐரோப்பியர்கள் வருவதற்கு முன் அங்கே வாழ்ந்த மக்கள் கரியும் எலும்பும் மீன்கழிவும் சாம்பலும் பானை ஓடுமாகப் பல தலைமுறைகள் போட்டுச் சேர்த்தது அது. மண்ணியலாளர் விம் சோம்புரூக் 1966-இல் அமேசான் மண் பற்றி எழுதிய ஆய்வில் இதை விரிவாக விவரித்தார். பக்கத்து மஞ்சள் மண்ணோடு ஒப்பிட்டால் அதில் மணிச்சத்தும் சுண்ணாம்பும் பல மடங்கு அதிகம். அங்கே கருமைக்குக் காரணம் எளிதில் சிதையாத கரி. கரியே தனியாக உரமாகிவிடவில்லை. அதோடு சேர்ந்து வந்த எலும்பும் கழிவும்தான் மணிச்சத்தைக் கொண்டுவந்தன. வெறும் கரித்தூளைப் போட்டு மண்ணைக் கறுப்பாக்கினால் அதே வளம் வந்துவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

இனி, நிறம் மிகத் துல்லியமாகப் பேசும் விஷயத்துக்கு வருகிறேன்: தண்ணீர். காற்று புகும் மண்ணில் இரும்பு துருவாக இருந்து சிவப்போ மஞ்சளோ பழுப்போ தரும். தண்ணீர் வாரக்கணக்கில் தேங்கினால் ஆக்சிஜன் தீர்ந்துபோய், நுண்ணுயிர்கள் அந்த இரும்பைக் கரையும் வடிவத்துக்கு மாற்றிவிடும். இரும்பு நீரோடு நகர்ந்துவிட, மிஞ்சுவது களியின் சொந்த நிறமான சாம்பல், சில இடங்களில் நீலமோ பச்சையோ கலந்த சாம்பல். நீர் ஏறி இறங்கும் ஆழத்தில் இரண்டும் கலந்து, சாம்பல் பின்னணியில் துருநிறப் புள்ளிகளும் திட்டுகளுமாக இருக்கும். குழி வெட்டிப் பார்க்கும்போது அந்தப் புள்ளிகள் எந்த ஆழத்தில் தொடங்குகின்றனவோ, மழைக்காலத்தில் நீர் அதுவரை ஏறுகிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். கோடையில் எலும்பாகக் காய்ந்து கிடக்கும் நிலம்கூட இந்த ரகசியத்தை மறைக்க முடியாது. 40 சென்டிமீட்டரிலேயே சாம்பல் வந்துவிட்டால் பழமரம் வைக்கும் எண்ணத்தை மறுபரிசீலனை செய்யுங்கள். நெல்லுக்கு அது ஒரு குறையே இல்லை.

நெல்வயலில் இன்னொரு நல்ல அடையாளம் உண்டு. சாம்பல் நிறச் சேற்றுக்குள் வேர் போன வழியெல்லாம் மெல்லிய துருக்கோடுகள் தெரியும். நெல்லின் வேர் தண்டு வழியாக வரும் ஆக்சிஜனைச் சுற்றிலும் கசியவிடுவதால் அங்கே இரும்பு துருவாகப் படிகிறது. வேர் உயிரோடு இயங்குகிறது என்பதற்கு அது சாட்சி. வேரே கறுத்துப்போய், அழுகிய முட்டை நாற்றம் வந்தால் சேற்றில் சல்பைடு சேர்ந்திருக்கிறது. வயலைக் கொஞ்சம் வடியவிட வேண்டும். மண்ணில் மிளகு மாதிரி சின்னச் சின்னக் கருநிற உருண்டைகள் இருந்தால் அவை மாங்கனீஸ். அதுவும் நீர் மாறி மாறி ஏறி இறங்குவதைத்தான் சொல்கிறது.

ஒரு மஞ்சளை மட்டும் தனியாக எச்சரிக்க வேண்டும். கடலோரத் தாழ்நிலங்களில், முகத்துவாரங்களில், பழைய சதுப்புகளில் கரும்சாம்பல் சேற்றுக்குள் பைரைட் என்ற இரும்புச் சல்பைடு இருக்கும். நீருக்கடியில் இருக்கும்வரை அது சும்மா கிடக்கும். வடிகால் வெட்டிக் காற்று பட்டதும் கந்தக அமிலமாக மாறும். அப்போது வேர் வழிகளிலும் வெடிப்புகளிலும் வைக்கோல் நிறத்தில், வெளிர் மஞ்சளாக ஒரு பொருள் படியும். அதன் பெயர் ஜாரோசைட். அதைப் பார்த்துவிட்டால் கார அமில நிலை 4-க்கும் கீழே என்று அநேகமாக உறுதியாகச் சொல்லிவிடலாம். வியட்நாமின் மீகாங் டெல்டாவிலும் பாங்காக் சமவெளியிலும் இப்படிப்பட்ட நிலம் பெரும் பரப்பில் உள்ளது. கேரளத்தின் குட்டநாட்டில் கரிபோல் கறுத்த சேற்றுநிலங்கள்கூட இந்த வகை அமிலம் கொண்டவைதான். அங்கெல்லாம் ஆழமாக வடிகால் வெட்டுவதற்கு முன் கீழ்மண்ணின் நிறத்தைப் பார்க்காவிட்டால் நல்ல நிலத்தையும் கெடுத்துவிடுவோம். தண்ணீரை மேலே நிறுத்திவைப்பதே அங்கே வைத்தியம்.

வெண்மை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேலே வெண்பொடி பூத்திருந்தால் உவர். மண்ணுக்குள் வெள்ளைக் கட்டிகள் இருந்தால் சுண்ணாம்பு. இரும்பு, துத்தநாகப் பற்றாக்குறையை எதிர்பார்க்கலாம். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைப்பதை வைத்து உறுதி செய்துகொள்ளலாம். மண்ணே வெளுத்து மணலாக இருந்தால் இரும்பும் களியும் மட்கும் கழுவிப் போய்விட்டன என்று அர்த்தம். அமேசானின் ரியோ நீக்ரோ ஆற்றுப் படுகையின் வெண்மணல் போன்றவை விவசாயத்துக்கு ஏறத்தாழ ஒன்றும் தராது.

நிறத்தை எப்படிப் பார்ப்பது என்பது முக்கியம், இதில் அவசரம் கூடாது. ஒரே மண் காய்ந்திருக்கும்போது வெளிறியும் நனைந்ததும் அடர்ந்தும் தெரியும். அதனால் ஈரமானதையும் காய்ந்ததையும் ஒப்பிட்டால் ஒன்றும் புரியாது. ஒரு கட்டியை எடுத்து உடைத்து, அதற்குமேல் நிறம் மாறாத அளவுக்குத் தண்ணீர் தெளித்து, பளபளப்பு போனதும் பாருங்கள். வெயில் நேராக விழும் நேரம் நல்லது. விடியலிலும் அந்தியிலும் வெளிச்சமே சிவந்திருப்பதால் எல்லா மண்ணும் சிவப்பாகத் தெரியும். துல்லியம் வேண்டுமென்றால் மன்செல் நிற அட்டைப் புத்தகம் இருக்கிறது. அமெரிக்க ஓவிய ஆசிரியர் ஆல்பர்ட் மன்செல் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய முறையைத்தான் இன்றும் மண்ணியலாளர்கள் பயன்படுத்துகிறார்கள். நிறத்தின் வகை, அது எவ்வளவு வெளிர் அல்லது அடர், எவ்வளவு தூய்மை என்று மூன்று அளவுகள். ஒரு விவசாயிக்கு அந்தப் புத்தகம் அவசியமில்லை. கைப்பேசிப் படத்தை வைத்து நிறம் சொல்வதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கேமரா தானாகவே வெளிச்சத்தைச் சரிசெய்துகொள்வதால் ஒரே மண் இரண்டு படத்தில் இரண்டு நிறமாக வரும்.

அட்டையைவிட முக்கியம் ஒப்பீடு. உங்கள் வயலின் மண்ணை வேறு ஊர் மண்ணோடு ஒப்பிடாதீர்கள். வேலி ஓரத்தில் உழவே படாத இடம், பழைய மரத்தடி, பக்கத்துத் தோப்பு, இவற்றின் மேல்மண்ணோடு ஒப்பிடுங்கள். பாறை, மழை, களியின் அளவு எல்லாம் ஏறத்தாழ ஒன்றுதான். மாறியிருப்பது மனிதக் கை மட்டும். அப்போது நிறத்தில் தெரியும் வித்தியாசம் பெரும்பாலும் மட்கின் வித்தியாசம்தான். வேலி ஓரம் அடர் பழுப்பு, வயல் வெளிறிய பழுப்பு என்றால் அத்தனை ஆண்டு உழவில் எவ்வளவு இழந்திருக்கிறோம் என்று கண்முன்னே தெரியும். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒரே தரத்து மண்ணாக இருக்க வேண்டும். மணல் மண் கொஞ்சம் மட்கு இருந்தாலே கறுத்துவிடும். களிமண் அதே அளவுக்குக் கறுக்க நிறைய மட்கு வேண்டும். கையில் உருட்டிப் பார்த்து மணலா களியா என்று தெரிந்துகொண்ட பிறகு நிறத்துக்கு வாருங்கள்.

அதே போல் ஒரே வயலுக்குள் தெரியும் திட்டுகளைக் கவனியுங்கள். உழுத பிறகு மேட்டின் தோளில் மட்டும் சிவப்போ வெளிரோ தெரிகிறது, பள்ளத்தில் அடர்நிறமாக இருக்கிறது என்றால், மேட்டில் மேல்மண் அரித்துப்போய் அடிமண் வெளியே வந்துவிட்டது. வெப்பமண்டலத்தில் இது பெரிய இழப்பு. ஏனென்றால் அலசப்பட்ட மண்ணில் இருக்கும் கொஞ்ச நஞ்சச் சத்தும் மேல் ஒரு சாண் மண்ணில்தான் இருக்கிறது. அதே உரத்தை வயல் முழுக்கச் சமமாகப் போடுவதைவிட அந்தத் திட்டுகளுக்குத் தொழுவுரமும் மூடாக்கும் கூடுதலாகக் கொடுப்பது நல்லது. காடு வெட்டி எரித்த நிலத்தில் பெரிய மரக்கட்டைகள் எரிந்த இடங்களில் செங்கல் நிறத்தில் திட்டுகள் தெரிந்தால், அது கடும் சூட்டில் கோதைட் சிவப்புக் கனிமமாக மாறியதால் வந்தது. அங்கே மட்கும் எரிந்துபோயிருக்கும்.

மேட்டிலிருந்து பள்ளம் வரை நிறம் மாறுவதற்கு அரிப்பு மட்டுமே காரணம் என்றும் நினைத்துவிடக் கூடாது. ஜெஃப்ரி மில்ன் என்ற மண்ணியலாளர் 1930-களில் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு சரிவு முழுக்க மண் ஒரே வரிசையில் மாறிக்கொண்டே போவதைப் பதிவு செய்தார். உச்சியில் சிவப்பு, நடுவில் மஞ்சளோ பழுப்போ, அடியில் சாம்பலோ கறுப்போ. மேலே நீர் வடிகிறது, நடுவில் ஈரம் நீடிக்கிறது, கீழே தேங்குகிறது. மேலே கரைந்த சுண்ணாம்பும் சிலிக்காவும் கீழே வந்து சேர்ந்து உப்பும் களியை உருவாக்குகின்றன. ஒரே பாறை, ஒரே மழை, மூன்று நிறம். இப்படிப்பட்ட சரிவில் நிலம் இருப்பவருக்கு நிறம் ஒரு பயிர்த்திட்டமே போட்டுக்கொடுக்கிறது: மேலே வடிகால் கேட்கும் பயிர், நடுவில் பலவும், கீழே நீரைத் தாங்கும் பயிர்.

அப்புறம், நிலத்தை நேரில் பார்க்கப் போனால் மேற்பரப்பை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். மேற்பரப்பில் தெரிவது உழவும் மழையும் புழுதியும் சேர்ந்து போட்ட வேஷம். இரண்டு மூன்று இடத்தில் ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டச் சொல்லுங்கள். முதலில் அடர்நிற மேல்மண் எத்தனை விரல் ஆழம் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு வேர்கள் எந்த நிறம் வரை இறங்கி, எங்கே நின்றுவிடுகின்றன என்று பாருங்கள். சாம்பலிலோ கெட்டியான துருநிற அடுக்கிலோ வேர்கள் திரும்பிவிட்டால் அதற்குக் கீழே எவ்வளவு சத்து இருந்தும் உங்கள் பயிருக்கு அது இல்லாததுதான். மழை மிகுந்த இடத்தில் சிவப்பும் சாம்பலும் கலந்து தோல் மாதிரி இழுபடும் அடிமண் வந்தால், அதைத் திறந்து வெயிலில் காயவிடக் கூடாது. அந்த வகை மண் காய்ந்தால் மறுபடி இளகாத கல்லாகிவிடும். 1807-இல் பிரான்சிஸ் புக்கானன் கேரளத்தின் அங்காடிப்புறத்தில் செம்பாறாங்கல்லை விவரித்தபோது, வெட்டும்போது மென்மையாக இருந்து காற்றுப்பட்டதும் இறுகுவதைத்தான் குறிப்பிட்டார்.

கடைசியாக ஆய்வுக்கூட விஷயம். மாதிரி எடுக்கும்போது வயல் முழுவதிலும் எடுத்து ஒன்றாகக் கலந்து அனுப்புவது வழக்கம். நிறம் வேறுபடும் நிலத்தில் அப்படிச் செய்யாதீர்கள். சிவப்புத் திட்டு, பழுப்புப் பரப்பு, சாம்பல் பள்ளம் என்று நிறத்தை வைத்தே வயலைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்துத் தனித்தனி மாதிரியாக அனுப்புங்கள். கலந்து அனுப்பினால் வரும் சராசரி எந்தப் பகுதிக்கும் பொருந்தாது. கார அமில நிலை, கரிமம், மணிச்சத்து, பொட்டாசியம் ஆகிய நான்கையும் கட்டாயம் கேளுங்கள். மழை மிகுந்த சிவப்பு, மஞ்சள் நிலமென்றால் அலுமினியத்தையும், கரிசலென்றால் துத்தநாகத்தையும், கடலோரச் சேறென்றால் உப்பின் அளவையும் மண் காய்ந்த பிறகான அமில நிலையையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.